நாற்றமும் கறுப்புத் தண்ணீரும்: அரசாங்கம் எப்போது வழக்குப் போடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறைப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் புகை, நாற்றம், ஆற்றில் கழிவு என்று யார் வந்து சொன்னாலும் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுப்பதை நாங்கள் சிலர் பல வருடங்களாகச் செய்து வருகிறோம். கோயில் மண்டபத்திலும் ஒட்டுக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. நான் வழக்கறிஞர் அல்ல. நீதிமன்றம் போகும் நிலை வந்தால் கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை என்னால் சொல்ல முடியும்.

ராத்திரியில் நாற்றம் வருகிறது, ஆறு கறுத்துப் போயிருக்கிறது. முதலில் யாரிடம் போவது?

அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆலைப் புகை, ஆலைக் கழிவுநீர், இரசாயனப் பீப்பாய்கள், திறந்தவெளி எரிப்பு எல்லாம் கூட்டரசின் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்தவை. நாம் 'ஜாஸ்' என்று சொல்கிறோமே, அதுதான். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-2727. உரிமம் இல்லாத பட்டறை, அடைத்துக்கொண்ட லொங்காங் (சாக்கடை) என்றால் ஊராட்சி மன்றம். தீவில் பினாங்கு மாநகர் மன்றம், இந்தப் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம், தலைநகரில் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம். மலக்கழிவு நீர் என்றால் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். பன்றிப் பண்ணைக் கழிவு என்றால் கால்நடைச் சேவைத் துறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குப்பையில் மட்டும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வித்தியாசம் உண்டு. 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் கோலாலம்பூரில் 2011 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே எஸ்டபிள்யூகார்ப் எனப்படும் திடக்கழிவுக் கழகத்திடம் போக வேண்டும். பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே குப்பை இன்னும் மாநகர் மன்றங்களின் பொறுப்புதான். கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் சொன்ன வழியில் இங்கே போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கதவு என்று தெரியாவிட்டால் இரண்டையும் தட்டுங்கள். ஆனால் ஒரே கடிதமாக எழுதி, பெறுநர் இடத்தில் இரண்டு அலுவலகத்தின் பெயரையும் போடுங்கள். அப்போது 'அது அவர்கள் வேலை' என்று யாரும் திருப்பி அனுப்புவது கஷ்டம். புகார் எண் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

அரசாங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுகிறது?

பெரும்பாலும் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம். 1975 ஏப்ரல் 15-இல் நடப்புக்கு வந்தது. 22-ஆம் பிரிவு காற்று, 23 சத்தம், 24 மண், 25 ஆறு குளங்கள், 29ஏ திறந்தவெளி எரிப்பு, 34பி அபாயக் கழிவு. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் புகாரில் '25-ஆம் பிரிவின்படி விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஒரு வரி இருந்தால், படிப்பவர் அதைச் சாதாரண முணுமுணுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தச் சட்டத்தின் முதல் கதை நம்முடைய கதை. இதன் கீழ் முதலில் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவை செம்பனை ஆலைகளும் ரப்பர் ஆலைகளும்தான்; செம்பனைக்கு 1977-இலும் ரப்பருக்கு 1978-இலும் விதிகள் வந்தன. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கும். ஆற்றில் குளித்த பிள்ளைகளுக்குச் சொறி வந்ததை என் அம்மா சொல்லியிருக்கிறார். அழுக்கு நீர் ஆற்றிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. செம்பனை ஆலை வெளியே விடும் நீருக்கு 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்தார்கள். அதைப் படிப்படியாக இறுக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆறே வருடம். அரசாங்கம் மனம் வைத்துக் கால அட்டவணை போட்டுக் கேட்டால் ஆலைகளால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. 'முடியாது, செலவு அதிகம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்வேன்.

தண்டனை நீண்ட காலம் குறைவாகவே இருந்தது. ஆற்றை மாசுபடுத்தினால் அதிகபட்ச அபராதம் 1 லட்சம் ரிங்கிட், அபாயக் கழிவுக்கு 5 லட்சம். பெரிய கம்பெனிக்கு அது கழிவை முறையாக அப்புறப்படுத்தும் செலவைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். 2024-இல் சட்டத்தைத் திருத்தி உச்சவரம்பை 10 மில்லியன் ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள்; அந்த ஆண்டு ஜூலை 7 முதல் நடப்பில் இருக்கிறது. 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. கம்பெனி குற்றவாளி என்றால் அதன் இயக்குநரையும் நிர்வாகியையும் சேர்த்தே குற்றம் சாட்டலாம்.

வேறு சட்டங்களும் உண்டு. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் மாசு கலந்ததும் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது தொழிற்சாலையை நடத்தியவர்கள் மீது தண்டனைச் சட்டத்தின் 430-ஆம் பிரிவில், அதாவது தண்ணீர் விநியோகத்தைக் கெடுத்த குற்றத்துக்காக, வழக்குப் போட்டார்கள். அதில் சிறைத்தண்டனை 5 ஆண்டில் தொடங்கி 30 ஆண்டு வரை போகும்.

வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்?

சட்டத்துறைத் தலைவர். கூட்டரசு அரசியலமைப்பின் 145-ஆம் விதி அந்த அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. குற்றம் சாட்டவும், நடத்தவும், பாதியில் கைவிடவும் அவரால் முடியும். சுற்றுச்சூழல் துறை விசாரித்துக் கோப்பைத் தயார் செய்து அவரிடம் அனுப்புகிறது. சான்று போதும் என்று அவர் கருதினால் வழக்கு வரும். 2012-இலிருந்து சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே செஷன்ஸ், மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.

எல்லா மீறலும் நீதிமன்றம் போவதில்லை. திருத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், சமரசத் தண்டம் (நீதிமன்றம் போகாமலே கட்டித் தீர்க்கும் தொகை) போடலாம், இயந்திரத்தை ஓட விடாமல் நிறுத்தி வைக்கலாம், உரிமத்தை ரத்து செய்யலாம். அதனால் 'வழக்கே போடவில்லை' என்று சோர்ந்துபோவதற்கு முன், 'என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள்.

நாங்களே ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

நான் அப்படித்தான் செய்தேன். விடியற்காலையில் வாய்க்காலில் இறங்கி, மினரல் வாட்டர் போத்தலில் பழுப்புத் தண்ணீர் பிடித்து, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து ஓர் அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கோபப்படவில்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'அண்ணே, இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது' என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார்.

வழக்கில் நிற்கும் மாதிரியை அதிகாரியே எடுக்க வேண்டும். ஆலையின் வெளியேற்றக் குழாயில் எடுத்து, சுத்தமான கலனில் ஊற்றி, முத்திரை வைத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, குளிரில் வைத்து, இரசாயனத் துறையின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். என் போத்தலில் முன்பு என்ன இருந்தது, நான் அதை எங்கே பிடித்தேன் என்பதற்கெல்லாம் யார் சாட்சி?

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் கறுப்பாக இருப்பதே குற்றம் ஆகிவிடாது. 2009-ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் 'ஏ', 'பி' என்று இரண்டு தரம் இருக்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைக்கு 'ஏ'. அதில் நான் மேலே சொன்ன ஆக்சிஜன் அளவு 20-ஐத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களுக்கு 'பி', அளவு 50. ஆய்வறிக்கையில் இப்படி விதித்த அளவு ஏதாவது தாண்டியிருந்தால்தான் வழக்கு நிற்கும்.

பீப்பாய் கிடந்தால் தொடவே தொடாதீர்கள். திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். 2019 மார்ச் 7-ஆம் தேதி ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். எட்டி நின்று படம் எடுத்துவிட்டு 999-க்கு அழையுங்கள்.

அப்படியானால் நம்மால் ஆவது என்ன? எல்லாம் அதிகாரி கையில்தானா?

அதிகாரி எப்போது வர வேண்டும் என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படித்தாலும் போதும்.

எங்கள் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். இரவு வேலைக்குப் போகும் மகனுக்காக விழித்திருப்பவர். சுவரில் மாட்டியிருந்த தமிழ் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல், அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். 'ராத்திரி 2.40. ரப்பர் எரிகிற வாடை. காற்று ஆற்றுப் பக்கமிருந்து. பேத்திக்கு இருமல். 4 மணிக்கு நின்றது.' நாற்றம் இல்லாத நாளிலும் 'இன்று இல்லை' என்று எழுதினார். ஐந்து வாரத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். எழுதியிருந்த நாற்றத்தில் முக்கால்வாசி வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகும், பொது விடுமுறைக்கு முந்தின இரவிலும் வந்திருந்தது. அலுவலகம் மூடியிருக்கும் நேரம்.

அதுவரை எங்கள் புகாருக்கு அதிகாரிகள் பகல் பத்து மணிக்கு வந்தார்கள், ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அந்தத் தாள்களின் நகலோடு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஆகவே எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்தத் திசைக் காற்று, எதைப் போன்ற வாடை, தண்ணீர் என்ன நிறம், மீன் செத்து மிதந்ததா, யாருக்கு என்ன உடம்பு. கிளினிக் போனால் மருத்துவரிடம் வாடை வந்த விவரத்தைச் சொல்லி, அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுக்கும் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். எடுத்த நேரமும் இடமும் மூலப்படத்தில்தான் இருக்கும். ஆலை வேலிக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள். ஒரு வீடு எழுதினால் ஒரு புகார். பத்து வீடு தனித்தனியாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் எழுதினால், அது சாட்சி.

கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். அந்தப் பணம் எங்களுக்கு வருமா?

வராது. அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. எங்கள் கூட்டங்களில் அதிக வருத்தத்தை உண்டாக்கும் பதில் இது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒரு சிறிய வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-ஆம் பிரிவின்படி, குற்றம் நிரூபணமானபின் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லி அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் விண்ணப்பிக்க வேண்டுமானால் உங்கள் இழப்பு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவ பில், செத்த மீனின் கணக்கு, கெட்டுப்போன வலை, வாங்கிய தண்ணீர் போத்தல் ரசீது எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரணை அதிகாரியிடம் கொடுத்து வையுங்கள். இது எல்லா வழக்கிலும் பெரிய தொகையாக வராது. முழு இழப்பீடு வேண்டும் என்றால் சொந்தமாக சிவில் வழக்குத்தான்.

அரசாங்கம் எங்கள் சார்பில் சிவில் வழக்குப் போட முடியாதா?

முடியும். பலருக்கு இது தெரியாது. 1956-ஆம் ஆண்டு அரசாங்க வழக்குகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பொதுத் தொல்லையைப் பற்றிப் பேசுகிறது. ஊருக்கே தொல்லை என்றால் சட்டத்துறைத் தலைவரே அதை நிறுத்தச் சொல்லி வழக்குத் தொடுக்கலாம். அல்லது அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டோரோ தொடுக்கலாம். தனக்கு மட்டும் தனி இழப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பிரிவு இன்னும் அதிகமாகப் பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாடகை வீட்டுக்காரரும் கூலி வேலைக்காரரும் சொந்தச் செலவில் ஒரு கம்பெனியோடு பல வருடம் மல்லுக்கட்ட முடியாது. அரசாங்கத்திடம் ஆய்வகமும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சரி, நாங்களே வழக்குப் போட்டால்?

பேராக் புக்கிட் மேரா மக்கள் போட்டார்கள். ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. 1985-இல் குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஊர் முழுவதற்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்குத் துணை நின்றவை பினாங்கில் இருக்கும் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும். வாதாடியவர்களில் ஒருவர் வழக்கறிஞர் மீனாட்சி ராமன். 1992 ஜூலை 11-இல் நீதிபதி பே சுவீ சின் ஆலையை மூடச் சொன்னார். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், கம்பெனி தானாகவே மூடப்போவதாக அறிவித்தது.

ஒன்பது வருடம். கேட்பவர்களிடம் இந்த எண்ணை நான் மறைப்பதில்லை. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டி வரலாம்.

காலக்கெடுவும் உண்டு. கம்பெனி மீதான இழப்பீட்டு வழக்குக்கு 6 ஆண்டு. அரசாங்கத்தின் மீதோ ஊராட்சி மன்றத்தின் மீதோ என்றால் 36 மாதம்தான். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இருந்து மூன்று வருடத்தைக் கடத்திவிட்டவர்கள் வரும்போது எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அனுமதி கொடுத்ததே அரசாங்கம் என்றால் யாரைக் கேட்பது?

அந்த அனுமதியையே எதிர்க்கலாம். உயர் நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு, கேட்க வேண்டும். முடிவு தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், ஒரு நாள்கூடத் தள்ளாமல்.

கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா வழக்கைப் பாருங்கள். பொதுப் பூங்காவில் அடுக்குமாடி கட்ட மாநகர் மன்றம் 2017-இல் கொடுத்த அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடும்போது எனக்கு ஒரு நெருடலும் உண்டு. பக்கத்திலேயே புக்கிட் கியாரா நீண்ட வீடுகளில் பழைய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களிலிருந்து நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. அந்தக் கட்டடத் திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் இருந்தன. பூங்கா பிழைத்தது நியாயம். அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பதும் அதே அளவு நியாயம். இரண்டில் ஒன்று என்று யாரும் அவர்களை நிறுத்தியிருக்கக் கூடாது.

பெரிய திட்டம் என்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வரும்போதே கருத்தை எழுதிக் கொடுங்கள். பினாங்கின் தென்கரை கடல்தூர்ப்புக்குக் கொடுத்த ஒப்புதலை மீனவர்கள் எதிர்த்தபோது, 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்து செய்தது. பிறகு புது அறிக்கை தயாரித்து, திட்டத்தைச் சுருக்கி மறுபடி ஒப்புதல் வாங்கினார்கள். ஆகவே ஒரு முறை வென்றதும் கோப்பை மூடிவிட முடியாது.

'சுற்றுச்சூழல் நீதி' என்ற சொல் நம் சட்டத்தில் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்காவில் பிறந்த சொல் அது. 1982-இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த இடத்தில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்தபோது மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். 1994-இல் அதிபர் கிளிண்டன், ஏழை மக்கள் மீதும் சிறுபான்மையினர் மீதும் மாசு அதிகமாக விழுகிறதா என்று அரசுத் துறைகள் பார்க்க வேண்டும் என உத்தரவிட்டார். 2022-இல் அந்நாட்டு நீதித்துறை இதற்கென ஓர் அலுவலகமே திறந்தது. 2025-இல் ஆட்சி மாறியதும் உத்தரவும் போயிற்று, அலுவலகமும் போயிற்று.

நம் நாட்டில் ஒரு நீதிமன்ற வாசகம் இருக்கிறது. 1996-இல் டான் தெக் செங் வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் 5-ஆம் விதி சொல்லும் 'உயிர்' என்பதில் ஓரளவு ஆரோக்கியமான, மாசற்ற சூழலில் வாழும் உரிமையும் அடங்கும் என்றார். அந்த வழக்கே ஓர் ஆசிரியரின் வேலை நீக்கத்தைப் பற்றியது. ஆனாலும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

சொல் இல்லாவிட்டாலும் விஷயம் இங்கே இருக்கிறது. பிறை தொழிற்பேட்டை வந்த 1970-களில் கோல ஜூரு மீனவர்களின் ஆற்றைக் கழிவு கெடுத்தது. தோட்டத்தை விற்றபோது வெளியேறிய நம் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்த வீடு எங்கே இருந்தது? ஆலைக்குப் பின்னால், நெடுஞ்சாலைக்குக் கீழே, குப்பைமேட்டுக்குப் போகும் வழியில். வாடகை குறைவு என்பதற்குக் காரணமே அதுதான்.

எங்களிடம் நிலப் பட்டா இல்லை. புகார் செய்ய உரிமை உண்டா?

உண்டு. புகார் செய்யப் பட்டாவும் வேண்டாம், குடியுரிமையும் வேண்டாம். சொந்த வழக்கில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுச் சுகத்தைக் கெடுத்த தொல்லை என்று வழக்குப் போட, அந்த இடத்தில் உங்களுக்குச் சட்டப்படியான உரிமை இருக்க வேண்டும்; சொந்தக்காரராகவோ குத்தகைக்காரராகவோ. கவனக்குறைவால் உடல்நலம் கெட்டது என்று போடும் வழக்குக்கு அது தேவையில்லை.

அந்த ஆலையில்தான் வேலை செய்கிறேன். சொன்னால் வேலை போய்விடுமே?

பயம் நியாயமானதுதான். 2010-ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் நேரடியாகத் தகவல் தருபவரின் பெயரை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. பழிவாங்கும் நடவடிக்கையிலிருந்தும் பாதுகாக்கிறது. கவனியுங்கள், அமலாக்கத் துறையிடம். முதலில் நண்பரிடமோ நிருபரிடமோ சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கழிவைப் பற்றி உள்ளே இருப்பவருக்குத் தெரிவது வெளியே யாருக்கும் தெரியாது. அபாயக் கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ ஆலையில் சேர்த்து வைக்கக் கூடாது என்பது விதி. பீப்பாய்களில் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

முகநூலில் கம்பெனி பெயரைப் போட்டு எழுதலாமா?

அவதூறு வழக்கு வரலாம். பகாங் ரவூப்பில் தங்கச் சுரங்கத்தின் சயனைடை எதிர்த்த ஒருவர் மீது சுரங்க நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது. கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் நிறுவனத்தால் வெல்ல முடியவில்லை, ஆனால் அவர் பல வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார். இப்படி வாயடைக்கப் போடும் வழக்கைத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. கண்டதை எழுதுங்கள்: 'இன்று காலை 7 மணிக்குப் பாலத்தடியில் தண்ணீர் பழுப்பாக இருந்தது.' யார் செய்தது என்பதைப் புகாரில் எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பை இன்னும் வருகிறதா?

2018-இல் சீனா கதவை மூடியதும் அது நம் பக்கம் திரும்பியது. 2020 ஜனவரியில் அன்றைய அமைச்சர் இயோ பீ யின், 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்களில் 3,737 டன் குப்பையைத் திருப்பி அனுப்பியதாக பட்டர்வொர்த்தில் அறிவித்தார். 2025 ஜூலை 1 முதல் விதி இன்னும் கடுமையாகியிருக்கிறது. பிளாஸ்டிக் கழிவை, தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. செம்பனைத் தோட்டத்துக்குள் புதிதாகத் தகர வேலி எழும்பி, ராத்திரி லாரி போய்வந்தால், லாரி எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். புகார் எண், பதில் கடிதங்கள், உங்கள் நாட்குறிப்பு மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.

ஆலையை மூடிவிட்டார்கள். வாடை நின்றுவிட்டது. இனி வேலை முடிந்ததா?

உள்ளே கிடந்த கழிவு எங்கே போனது என்று கேட்டீர்களா? புக்கிட் மேராவில் ஆலை மூடியது 1994-இல். அங்கே கதிரியக்கக் கழிவை அள்ளிப் புதைக்கும் துப்புரவு வேலை 2010-க்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டு கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: மிச்சக் கழிவை உரிமம் பெற்ற யாரிடம் ஒப்படைத்தார்கள்? மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்தார்களா? பதில் வரும்வரை அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், அங்கே முளைக்கும் கீரையைப் பறிக்காதீர்கள்.

எங்கள் அக்காவின் பிஸ்கட் டின் இன்னும் அலமாரியின் மேல் இருக்கிறது. வாடை நின்று இரண்டு வருடம் ஆகிறது. மழைக்குப் பிறகு வேலியோரத்தில் தண்ணீர் தேங்கினால் அதன் நிறத்தை இப்போதும் எழுதி உள்ளே போடுகிறார்.